இதயத்தில் அழற்சி என்றால் என்ன? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து, அது இதயத்தையும் தொட்டுவிட்டுப் போனதால், 21 நாளுக்கு ஒருமுறை இடுப்பில் பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டே பதின்மூன்று வருஷம் வளர்ந்தவன். அதனாலோ என்னவோ, சொந்தத்தில் யாருக்கு எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் வந்தாலும் முதலில் என் போனுக்குத்தான் படம் வருகிறது. அவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் டாக்டர்.

ரிப்போர்ட்டில் "இதயம் வீங்கியிருக்கிறது" என்கிறார்கள். அதுதான் அழற்சியா?

பெரும்பாலும் இல்லை. நம்மிடம் "வீக்கம்" என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால் வரும் குழப்பம் இது. பல வருஷம் ரத்தக் கொதிப்பு இருந்தாலோ, வால்வு ஒழுகினாலோ, தசை பலமிழந்தாலோ இதயம் பெரிதாகும். எக்ஸ்ரே பார்த்துவிட்டு "ஹார்ட் வீங்கியிருக்கு" என்பது அதைத்தான். அழற்சி வேறு. அடிபட்ட இடம் சிவந்து சூடாகி வலிக்கிறதே, அதேபோல உடம்பின் எதிர்ப்புப் படை இதயத்தின் ஏதோ ஒரு பகுதியில் இறங்கிச் சண்டை போடுவது. அழற்சி முற்றிப்போய் இதயம் பெரிதாவது உண்டு, ஆனால் பெரிதான இதயமெல்லாம் அழற்சி கண்டதல்ல.

இது ஒரே வியாதியா, பல வியாதியா?

பல. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: டாக்டரிடம் "எந்த அடுக்கில்?" என்று கேளுங்கள். இதயத்துக்கு வெளியே ஒரு உறை, நடுவில் தசை, உள்ளே வால்வுகளையும் சேர்த்துப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு. வெளியுறையில் வந்தால் பெரிகார்டைட்டிஸ், தசையில் வந்தால் மயோகார்டைட்டிஸ், உட்சவ்வில் வந்தால் எண்டோகார்டைட்டிஸ். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. வெளியுறை அழற்சிக்கு முதல் மருந்தாகக் கொடுக்கிற வலி மாத்திரையையே தசை அழற்சியில் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் "இதே மாதிரிதான்" இருந்தது என்று அவர் மாத்திரையை வாங்கிப் போடுவது அதனால்தான் ஆபத்து. ருமாட்டிக் காய்ச்சல் ஒரு தனிப் போக்கிரி, மூன்று அடுக்கையும் ஒரே சமயத்தில் பிடிக்கும். அதைப் பற்றிக் கீழே நிறைய எழுதியிருக்கிறேன், சொந்தக் கதை என்பதால் கொஞ்சம் நீளம்.

நெஞ்சு வலித்தால் இது மாரடைப்பா, அழற்சியா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். வெளியுறை அழற்சியின் வலி குத்தலாக இருக்கும், மூச்சை இழுத்தாலும் மல்லாந்து படுத்தாலும் கூடும், எழுந்து உட்கார்ந்து முன்னால் குனிந்தால் குறையும் என்று பாடப்புத்தகம் சொல்வது உண்மைதான். ஆனால் ஈசிஜி எடுக்காமல், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்யாமல் அனுபவமுள்ள டாக்டரே உறுதியாகச் சொல்ல மாட்டார். தசை அழற்சியில் ஈசிஜியும் ட்ரோபோனினும் அச்சு அசல் மாரடைப்பு போலவே வந்து, கடைசியில் ஆஞ்சியோகிராம் செய்து ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகே விஷயம் புரிவது சகஜம். "வெறும் கேஸ்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு வெளியுறை அழற்சி என்று மூன்று மாதத்துக்குக் கொல்கிசின் எழுதியிருக்கிறார்கள். வலி ஒரே வாரத்தில் போய்விட்டதே, நிறுத்திவிடலாமா?

வேண்டாம். இந்த வியாதியின் தொல்லையே அது திரும்பி வருவதுதான், அதைத் தடுக்கத்தான் அந்த மூன்று மாதம். 2013இல் இத்தாலியில் 240 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், வழக்கமான மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 37.5 சதவீதம் பேருக்கு வலி ஓயாமல் இருந்தது அல்லது திரும்பி வந்தது. கூடவே கொல்கிசினும் சாப்பிட்டவர்களில் அது 16.7 சதவீதம்தான். ஸ்டீராய்டு கொடுத்தால் வலி சட்டென்று அடங்கும், ஆனால் அதுவே மறுபடி வருவதற்கு வழி செய்யும் என்பதால் வேறு வழி இல்லாதபோதுதான் அதற்குப் போகிறார்கள்.

சொல்லாமல் இருக்க முடியாத ஒரு விஷயம். கொல்கிசின் எங்கிருந்தோ வரும் சரக்கு இல்லை. நம் மாநிலப் பூவான செங்காந்தள், சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன அதே பூ, அதன் விதையில் இருக்கிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பிப் பந்தலில் ஏற்றிவிட்டுக் கண்வலிக்கிழங்கு என்று விவசாயம் செய்கிறார்களே, அந்த விதை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போவது இதற்காகத்தான். உடனே யாரும் கிழங்கைத் தோண்டி அரைக்கப் போக வேண்டாம், அது ஆளைக் கொல்லும் விஷம். மாத்திரையிலும் மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி குறைவு. எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒன்றுகூடப் போடக்கூடாது, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

"ஹார்ட்டைச் சுத்தி நீர் கோத்திருக்கு" என்றார்கள். குத்தி எடுத்தே ஆகவேண்டுமா?

உறைக்குள் வழுவழுப்புக்காக எப்போதுமே கொஞ்சம் நீர் இருக்கும், 15 முதல் 50 மில்லி வரை. அழற்சியில் அது கூடும். எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்பதுதான் முக்கியம். மாதக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்தால் உறை இழுபட்டு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தாங்கும். மளமளவென்று சேர்ந்தால் 200 மில்லியே இதயத்தை விரிய விடாமல் அமுக்கிவிடும். அப்படி அமுக்கினால் எக்கோ பார்த்துக்கொண்டே ஊசி விட்டு நீரை இறக்குவார்கள், அதில் தாமதம் கூடாது. கொஞ்சம் நீர்தான் என்றால் காரணத்துக்கு மருந்து கொடுத்துவிட்டு அவ்வப்போது எக்கோ பார்ப்பதே போதும்.

காரணம் என்ன என்று கேட்டீர்களானால், வெள்ளைக்காரர் நாட்டுப் புத்தகத்தில் வைரஸ் முதலில் நிற்கும். நம் நாட்டில் காசநோயை மறந்தால் ஏமாந்துவிடுவோம். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, இவற்றோடு இதயத்தைச் சுற்றி நீர் என்றால் டிபியைத் தேட வேண்டும். டிபிதான் என்று உறுதியானால் ஆறு மாத மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பாதியில் விட்டால் உறை தடித்துக் கெட்டியாகி, சிலருக்குச் சுண்ணாம்பே படிந்து, இதயத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் உறையை உரித்தெடுக்கிற பெரிய ஆபரேஷன்தான் மிச்சம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள், எதிர்ப்புப் படை சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் உள்ளவர்கள், தைராய்டு மிகவும் குறைந்தவர்கள், இவர்களுக்கும் நீர் கோப்பது உண்டு.

சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். அது எப்படி இதயத் தசை வரை போகும்?

காய்ச்சல் விட்டு ஒரு வாரம் பத்து நாளில், "அசதி போகவே மாட்டேங்குது, மாடி ஏறினால் மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குது" என்று ஆரம்பிக்கும். வைரஸே தசையைத் தாக்கலாம், அல்லது வைரஸை விரட்ட வந்த படை ஆள் தெரியாமல் தசையையும் சேர்த்து அடிக்கலாம். காக்ஸாக்கி, அடினோ, இன்ஃபுளூயன்ஸா, கோவிட் என்று பட்டியல் நீளம், டெங்குவிலும் வரும். வைரஸ் அல்லாத இரண்டு பேரையும் நினைவில் வையுங்கள். ஒன்று டிப்தீரியா, தடுப்பூசி போடாத குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் வந்து, தொண்டை தேறிவரும் சமயத்தில் இதயத்தைப் பிடிக்கும். இன்னொன்று ஸ்க்ரப் டைஃபஸ், புதரில் இருக்கும் குட்டி உண்ணி கடித்து வருவது; அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். சாதாரண டாக்ஸிசைக்ளினில் அடங்கிவிடுகிற வியாதி, தேடாததால் உயிர் போகிறது.

சின்னக் குழந்தைகளுக்கு நெஞ்சு வலி என்று சொல்லத் தெரியாது. வாந்தி, வயிற்று வலி, வேக மூச்சு, பால் குடிக்க முடியாமல் வியர்ப்பது, இப்படித்தான் வரும். வயிற்றுக் கோளாறு, வீசிங் என்று இரண்டு நாள் ஓடிவிடும். வயிற்றுப்போக்கும் இல்லாமல் வாந்தி எடுத்துக்கொண்டு, நாடி ஏகத்துக்கு ஓடுகிற, வெளிறிப்போன குழந்தையை அன்று இரவே கொண்டுபோங்கள், காலையில் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

பயமுறுத்திவிட்டேன், சமாதானமும் சொல்கிறேன்: பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். சிலருக்குத்தான் தசை நிரந்தரமாகப் பலமிழந்து காலம் முழுக்க மருந்து என்று ஆகிறது. மிக அரிதாகச் சிலருக்குச் சில நாளிலேயே முற்றி, செயற்கை இதய நுரையீரல் கருவி வரை போகும்.

எல்லாம் சரியாகிவிட்டது, எக்கோவும் நார்மல். தம்பி கபடி ஆடலாமா, ஜிம்முக்குப் போகலாமா?

அவசரப்படக் கூடாது. தசை அழற்சி வந்தவர்களை மூன்று முதல் ஆறு மாதம் கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்று நிறுத்திவைப்பதுதான் இத்தனை நாள் வழக்கம். வெளியே தெரியாத தழும்பிலிருந்து இதயத் துடிப்பு தாறுமாறாகி மைதானத்திலேயே விழுந்துவிடும் ஆபத்து இருக்கிறது. பயர்ன் மியூனிக் கால்பந்து அணியின் அல்ஃபோன்சோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில், கோவிட் வந்து போன பிறகு செய்த பரிசோதனையில் லேசான தசை அழற்சி தெரிந்தது. லேசானதுதான், ஆனாலும் ஏப்ரல் வரை அவரை இறக்கவில்லை. உலகத்திலேயே வேகமாக ஓடுகிற பையன்களில் ஒருவனை மூன்று மாதம் உட்கார வைக்கிறார்கள் என்றால் நம் தம்பியும் உட்காரலாம். திரும்ப ஆரம்பிக்கும் முன் டிரெட்மில், 24 மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர், முடிந்தால் இதய எம்ஆர்ஐ.

கோவிட் தடுப்பூசியால் வருகிறது என்கிறார்களே?

எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிகளில், அதாவது ஃபைசர், மாடர்னாவில், அரிதாக வந்தது உண்மை. பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, இரண்டாம் டோஸ் போட்ட சில நாட்களுக்குள். பெரும்பாலானோர் சீக்கிரமே தேறிவிட்டார்கள். சிங்கப்பூரில் 2021இல் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குக் கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்று அரசே சொன்னது இதனால்தான், அங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவில் கிட்டத்தட்ட எல்லோரும் போட்டது கோவிஷீல்டு, கோவாக்சின். இரண்டும் அந்த வகை இல்லை. இங்கே யாராவது இளவயதில் விழுந்தால் உடனே தடுப்பூசியைக் கைகாட்டும் வீடியோக்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை. மொத்தத்தில் பார்த்தால் கோவிட் நோயே தடுப்பூசியைவிட அதிகமாக இதயத் தசையைப் பிடித்தது.

தொண்டை வலிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

இதுதான் என் கதை, ருமாட்டிக் காய்ச்சலின் கதை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியில் ஒரு வகை தொண்டையில் வந்து உட்காரும், பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு. காய்ச்சல், விழுங்க முடியாத வலி, டான்சிலில் வெள்ளைச் சீழ், கழுத்தில் நெறிக்கட்டு. ஆனால் சளியோ இருமலோ இருக்காது. நாலைந்து நாளில் தானாகவே போய்விடும், வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துப் படை கிளம்பும், கிருமியைத் தேடி. அந்தக் கிருமியின் சில பகுதிகள் நம் இதயத் திசுவின் சாயலில் இருப்பதால், வால்வைப் பார்த்து அதுதான் எதிரி என்று நினைத்துவிடும்.

எனக்கு முதலில் வலது முட்டி வீங்கியது, இரண்டு நாளில் அது சரியாகி இடது கணுக்கால், அப்புறம் முழங்கை. வலி இடம் மாறி மாறிப் போனதால் வீட்டில் நடிக்கிறான் என்றார்கள். பள்ளிக்கூடம் போக மனமில்லாத பையன் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது வேறு விஷயம். மூட்டு வலி தடம் தெரியாமல் போய்விடும், வால்வில் விழுந்த தழும்புதான் நிற்கும். மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் வியாதி என்று ஒரு பிரெஞ்சு மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்பே சொல்லிவைத்திருக்கிறார். சில பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, மாதக்கணக்கு கழித்துக் கை கால் தன்னிச்சையாக ஆடும், கையெழுத்து கோணும், டம்ளர் நழுவும், சேட்டை என்று வகுப்பில் அடி வாங்கும். தூங்கும்போது ஆட்டம் நின்றுவிடும். பேய் பிடித்தது என்று மந்திரிக்கப் போகாதீர்கள், எக்கோ எடுங்கள்.

தொண்டை வலி ஆரம்பித்து ஒன்பது நாளைக்குள் பெனிசிலின் தொடங்கினால்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். ஒரே ஊசி, அல்லது பத்து நாள் மாத்திரை. எல்லாத் தொண்டை வலிக்கும் ஆன்டிபயாடிக் என்று இதற்கு அர்த்தமில்லை, பெரும்பாலான தொண்டை வலி வைரஸ்தான். பிரித்துப் பார்க்கத்தான் டாக்டர்.

பாப்பாவுக்குக் கால் வலி. ஏஎஸ்ஓ ரத்தப் பரிசோதனையில் 400 வந்திருக்கிறது. இதய நோயா?

அந்த ஒரு எண்ணை வைத்து இல்லை. எப்போதோ அந்தக் கிருமி வந்து போனது என்பதற்கு மேல் ஏஎஸ்ஓ எதையும் சொல்லாது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பலருக்கு ஏறித்தான் இருக்கும். வளரும் வயதில் ராத்திரி வரும் கால் வலிக்கு ஏஎஸ்ஓ பார்த்துவிட்டு வருஷக்கணக்கில் பெனிசிலின் போடப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மூட்டு உண்மையிலேயே வீங்கியதா, காய்ச்சல் இருந்ததா, எக்கோவில் வால்வு எப்படி இருக்கிறது, இதையெல்லாம் சேர்த்துத்தான் முடிவு.

அந்த 21 நாள் ஊசியை எத்தனை வருஷம் போடுவது? பையன் அழுகிறான்.

அழத்தான் செய்வான். பென்சத்தைன் பெனிசிலின், பெனிடியூர் என்றால் மெடிக்கல் ஷாப்பில் தெரியும். தூளைக் கரைத்தால் இட்லி மாவைத் தண்ணீர் விட்டது போல இருக்கும், தடித்த ஊசி வேண்டும், சரியாகக் குலுக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும், மறுபடி ஒரு குத்து. இதயம் பாதிக்கப்படாதவர்களுக்கு ஐந்து வருஷம் அல்லது 18 வயதுவரை, எது பிந்தியதோ அது. லேசாகப் பாதித்திருந்தால் பத்து வருஷம் அல்லது 25 வயதுவரை. வால்வு மோசமாகக் கெட்டிருந்தால் 40 வயதுவரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. டாக்டருக்கு டாக்டர் கணக்கு கொஞ்சம் மாறும்.

ஊசி ஏற்கெனவே கெட்ட வால்வைச் சரிசெய்யாது. அடுத்த தொண்டைத் தொற்று வராமல் காவல் காக்கும். ஒவ்வொரு முறை ருமாட்டிக் காய்ச்சல் திரும்பும்போதும் வால்வில் இன்னொரு கடி விழும் என்பதால்தான் இந்தக் காவல். "நல்லாத்தானே இருக்கான்" என்று நிறுத்துவார்கள் பாருங்கள், அங்கேதான் எல்லாம் கெடும். கல்லூரி முதல் வருஷத்தில், ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் அலர்ஜி பயத்தால் ஊசி போட மறுத்தார்கள், நானும் அதைச் சாக்காக வைத்து நாலு மாதம் விட்டேன். மறுபடி முட்டி வீங்கி, வால்வில் லேசாக இருந்த ஒழுக்கு மிதமான ஒழுக்கானது. அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்னும் கோபம் வரும், கிளினிக் மேல் பாதி, என் மேல் பாதி.

வலி குறைய: மருந்து அறை வெப்பத்துக்கு வரட்டும், மெதுவாகச் செலுத்தச் சொல்லுங்கள், மரத்துப்போக லிக்னோகெய்ன் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். வால்வு மிக மோசமாக உள்ளவர்களுக்கு ஊசியைவிட மாத்திரை பாதுகாப்பாக இருக்கலாம் என்று 2022இல் அமெரிக்க இதயச் சங்கம் ஆலோசனை சொன்னது, அப்படிப்பட்டவர்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

வால்வு சுருங்கியிருக்கும் பெண் கல்யாணம் செய்துகொள்ளலாமா, பிள்ளை பெறலாமா?

கல்யாணத்துக்கு எந்தத் தடையும் இல்லை. பிள்ளை விஷயத்தில் மட்டும் முன்கூட்டியே எக்கோ பார்த்துத் திட்டமிட வேண்டும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கூடும். சுருங்கிய மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது பக்க இரண்டு அறைகளுக்கு நடுவில் இருப்பது) வழியாக அவ்வளவும் போக முடியாமல் ஆறாம் ஏழாம் மாதத்தில் மூச்சுத் திணறும். பலருக்கு வியாதி இருப்பதே அப்போதுதான் தெரிகிறது. சிறுவயதில் வந்த காய்ச்சல் அம்மாவுக்கே மறந்திருக்கும். பலூன் வைத்து வால்வை விரிக்கும் முறையை ஜப்பானிய மருத்துவர் இனோவே 1984இல் அறிமுகப்படுத்தினார், தொடை வழியாகச் செய்வது, நெஞ்சைத் திறக்க வேண்டாம், அவசியமானால் கர்ப்ப காலத்திலேயே செய்கிறார்கள். செயற்கை வால்வு வைத்தவர்கள் அசிட்ரோம், வார்ஃபரின் போல ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுவார்கள், அது கருவைப் பாதிக்கலாம் என்பதால் நாள் தள்ளிப்போகும் வரை காத்திருக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தினால் வால்வே அடைத்துக்கொள்ளும்.

பல் பிடுங்குவதற்கு முன் ஹார்ட் டாக்டரைக் கேட்கச் சொல்கிறார்களே, ஏன்?

வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து, ஏற்கெனவே சேதமான அல்லது செயற்கையான வால்வில் ஒட்டிக்கொண்டு குடியேறும். அதுதான் உட்சவ்வு அழற்சி, மூன்றிலும் மோசமானது. செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு ஒருமுறை இது வந்தவர்கள், பிறவி இதயக் கோளாறில் சில வகையினர், இவர்களுக்குப் பல் வேலைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம் கொடுப்பது வழக்கம். தினமும் பல்லை ஒழுங்காகத் தேய்ப்பது அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

இதன் அறிகுறி, விடாத காய்ச்சல். வாரக்கணக்கில் லேசாக அடித்துக்கொண்டே இருக்கும், எடை இறங்கும். வால்வு நோயாளி ஒருவர் இந்தக் காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மூன்று நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால், காய்ச்சல் அடங்கியது போல இருந்து திரும்ப வரும், அதற்குள் ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஒன்றும் வளராமல் போய், எந்தக் கிருமி என்றே தெரியாமல் டாக்டர் இருட்டில் துழாவ வேண்டியிருக்கும். முதலில் கல்ச்சருக்கு ரத்தம், பிறகுதான் மருந்து. நான்கு முதல் ஆறு வாரம் நரம்பு வழி ஊசி, சிலருக்கு வால்வையே மாற்ற வேண்டும்.

இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் இதில்தான் இறந்தார். வால்வு கெட்டிருந்தவர். 1911இல் நியூயார்க்கில் அவர் ரத்தத்தைக் கல்ச்சர் செய்தபோது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது. கிருமி யார் என்று தெரிந்துவிட்டது, கொல்ல மருந்துதான் இல்லை. மே மாதம் வியன்னாவில் போய்விட்டார். பெனிசிலின் நோயாளிகளிடம் வந்து சேர அதற்கப்புறம் முப்பது வருஷம் ஆனது.

என்ன சாப்பிடலாம்? பூண்டு, மருதம்பட்டை?

அழற்சியை ஆற்றும் தனி உணவு கிடையாது. கால் வீக்கம், மூச்சு வாங்கல் இருந்தால் உப்பு, ஊறுகாய், அப்பளம் குறையுங்கள். அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் கீரையை விட வேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். ஆனால் பூண்டு மாத்திரை, பட்டைக் கஷாயம் எதையும் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்க்கும் டாக்டருக்குத் தெரியாமல் சேர்க்காதீர்கள்.

உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

இருபத்தைந்து முடிந்ததும் ஊசியை நிறுத்தினார்கள். கடைசி ஊசி போட்ட அக்காவிடம் இதுதான் கடைசி என்று சொன்னேன், "அப்படித்தான் எல்லாரும் சொல்றீங்க, திரும்புங்க" என்றார். மைட்ரல் வால்வில் மிதமான ஒழுக்கு இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு எக்கோ. மாடி ஏறுகிறேன், மூச்சு வாங்குவதில்லை. மழை வந்தால் இடுப்பில் அந்த இடம் வலிப்பது போல இருக்கும், மனப்பிரமை என்று மனைவி சொல்கிறாள்.